தரையில் படாத பூட்ஸ்

காலை ஆறு பத்துக்கு வரவேண்டிய திருத்தணி மின்ரயில் பெரம்பூருக்கு ஆறரைக்குத்தான் வந்தது. டிக்கெட் இருபது ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என் பையில் தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு, கண்ணாடிக் கூடு, மடித்த மஞ்சப்பை, அளவு நாடா. பயணத்துக்கு நாடா எதற்கு என்று, ஊரிலிருந்து வந்து நான் முந்தின இரவு தங்கிய பெரம்பூர் நாத்தனார் கேட்டாள். இருபத்தெட்டு வருடமாகத் தையற்கடை வைத்திருப்பவள் நான். நாடா இல்லாமல் வெளியே கிளம்பினால் செருப்பு போடாமல் கிளம்பியது போல இருக்கும்.

நான் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். தெருவுக்கு ஒரு கோயில், நாளுக்கு ஒரு அலங்காரம். வாடிய மாலைகள் எல்லாம் படித்துறையில்தான் வந்து குவியும். பூ அழுகிப் போய்விடும், கட்டிய நைலான் நூலும் ஜிகினாவும் போகாது. வார்டுக் கூட்டத்தில் ஒரு நாள், இந்தப் பூவையெல்லாம் தனியாகச் சேர்த்து உரமாக்கலாமே, அரசாங்கத்தில் அதற்குத் திட்டம் இருக்கிறதே என்று சொல்லித் தொலைத்தேன்.

எங்கள் தெரு மாவு மில்காரர் எழுந்தார். "சாமி கழுத்துல கெடந்த பூவைத் தொட்டியில போட்டு, சாக்கடை மிதிச்ச காலோட ஏறி மிதிப்பாங்க. அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மீதிப் பேர், எங்கேயாவது இப்படிச் செய்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும் என்றார்கள். யார் போவது என்று கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தவள் நான்தானே. திருத்தணியில் கோயில் பூவைத் தனித் தொட்டியில் உரமாக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே மேற்பார்வையாளராக இருக்கும் லோகநாதனின் எண்ணை வாங்கிப் பேசிவிட்டுக் கிளம்பினேன்.

மணவூரில் ஒரு குடும்பம் ஏறி என் எதிரே உட்கார்ந்தது. புருஷன், பெண்டாட்டி, பெண்டாட்டியின் தம்பி. மஞ்சள் வேட்டி கட்டிய புருஷனிடம் பூச்சுற்றிய சின்னக் காவடி ஒன்று இருந்தது. முந்தின நாள் கிருத்திகை. அன்றைக்குக் கூட்டம் அதிகமாக இருந்திருக்கும், அதனால் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வருகிறார்கள் போல. தங்களுக்குள் தெலுங்கும் தமிழும் கலந்து பேசிக்கொண்டார்கள்.

ரயில் புறப்பட்டதும் அவர் ஒரு துண்டை விரித்துக் காவடியைக் கீழே வைத்தார். திருவாலங்காட்டில் ரயில் நின்றது. உடனே காவடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ரயில் நகர்ந்ததும் கீழே வைத்தார். மோசூரில் மறுபடி எடுத்தார். இந்தச் சின்னக் காவடியை யார் தூக்கிக்கொண்டு ஓடப் போகிறார்கள், இத்தனை சந்தேகமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அரக்கோணத்தில் ரயில் பன்னிரண்டு நிமிடம் நின்றது. பன்னிரண்டு நிமிடமும் காவடி அவர் மடியில். மச்சான்காரன் தேநீர் வாங்கி வந்து, "பாவா, டீ ஆறுது" என்று தம்ளரை அவர் வாய்க்கே கொண்டுபோனான்.

"கீழே வச்சுட்டுக் குடிக்கலாமே" என்றேன்.

"வண்டி நிக்குதுங்கம்மா" என்றார் அவர்.

நின்றால்தானே திருடன் இறங்கி ஓட முடியும் என்று நானாக ஒரு அர்த்தம் செய்துகொண்டேன். சந்தேகப் பிராணி என்று மனதுக்குள் ஒரு பட்டமும் கொடுத்தேன். இச்சிபுத்தூர் தாண்டியதும் மலை தெரிந்தது. எட்டே முக்காலுக்குத் திருத்தணி. நிலையத்துக்கு வெளியே நான்கு இட்லியும் ஒரு வடையும் ஐம்பது ரூபாய். சட்னியில் காரம் தூக்கலாக இருந்தது, ஆனாலும் இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன்.

ஆட்டோக்காரர் பாபுவுக்கு முப்பது வயது இருக்கும். "மல மேலங்களா?" என்றார்.

"இல்லைப்பா. குப்பை பார்க்கணும்."

அவர் திரும்பி என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "குப்பையா? அத்தப் பாக்கவா இம்மாந்தூரம் வந்துகிறீங்க?"

நூற்றிருபது ரூபாய் பேசி ஏறினேன். ஊர் காலையிலேயே கூட்டிப் பெருக்கப்பட்டிருந்தது. குப்பை வாங்கும் பேட்டரி வண்டி ஒன்று ஒலிபெருக்கியில், மக்கும் குப்பையைத் தனியாகத் தாருங்கள் என்று பாடிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஊர்ந்தது. ஒரு வீட்டம்மா இரண்டு கூடைகளையும் ஒன்றாகக் கவிழ்க்கப் பார்க்க, வண்டிக்கார அம்மா ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். இதெல்லாம் எங்கள் ஊரிலும் உண்டு. திருப்பிக் கொடுப்பதுதான் கிடையாது.

ஒன்பது இருபதுக்கு உரக்கூடத்துக்கு வந்து சேர்ந்தேன். ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் பக்கச்சுவர் இல்லாத பெரிய தகரக் கொட்டகை. அதன் கீழே இடுப்பு உயரத்துக்குச் செங்கல் தொட்டிகள், காற்றுப் போக ஓட்டை விட்டுக் கட்டியவை, இரண்டு வரிசையில். லோகநாதன் வாசலிலேயே நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது, கசங்காத சட்டை, முகத்தில் மட்டும் கசங்கல்.

"நீங்க தப்பான நாள்ல வந்துட்டீங்க மேடம். மதிப்பீட்டுக்கு அதிகாரி வர்றாங்க இன்னைக்கு. பதினோரு மணிக்கு. திடீர்னு நேத்து சாயங்காலம் சொல்றாங்க" என்றார். ஊருக்கு ஊர் அதிகாரிகள் வந்து, கைப்பேசியில் படமெடுத்து, இடத்தோடும் நேரத்தோடும் அங்கேயே பதிவேற்றி மதிப்பெண் போடும் முறை எங்கள் ஊரிலும் இருக்கிறது. அப்படியானால் நான் ஓரமாக நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "பாருங்க, பாருங்க. பூட்ஸ் மட்டும் போட்டுக்கங்க, கீழ ஈரம். அங்க வரிசையா கீது பாருங்க" என்று கையை ஒரு திசையில் காட்டிவிட்டு அவர் பதிவேடுகளைத் தேடப் போய்விட்டார்.

வரிசையில் ஏழெட்டு ஜோடி ரப்பர் பூட்ஸ் இருந்தன. எல்லாம் முழங்கால் வரை சேறு. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கே போனாலும் சுத்தமான தட்டு, சுத்தமான நாற்காலி, சுத்தமான ஓரம் என்று தேடுவேன். கடையில் வேலை செய்யும் பெண்கள் அதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள். அன்றைக்கும் தேடினேன். தூரத்தில், கடைசித் தொட்டிக்கு மேலே ஒரு கம்பத்தில், தேங்காய்நார்க் கயிற்றில் ஒரு ஜோடி தொங்கியது. சேறு என்ன, தூசிகூட இல்லை. எனக்கு அளவும் பொருந்தியது. போட்டுக்கொண்டு, நல்லதாக ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் கொட்டகை முழுக்கச் சுற்றினேன். காய்கறிக் கழிவுத் தொட்டிகளின் அடியில் வடியும் கறுப்புத் தண்ணீரில் நடந்தேன். ஓட்டல் கழிவு கொட்டும் மேடையில் ஏறினேன். ஆரஞ்சு மேல்சட்டை போட்ட மூன்று பெண்கள் பிரிக்கும் மேசையில் மும்முரமாக இருந்தார்கள். யாரும் என் காலைக் கவனிக்கவில்லை.

பத்து மணிக்குப் பூ வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கியவர் பச்சையம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்த உடம்பு, இடது காலைக் கொஞ்சம் தாங்கி நடந்தார். கூடையை இறக்க வந்தவர் என் காலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இத்த யார் குடுத்தாங்க உங்களுக்கு?"

"நானே எடுத்துக்கிட்டேன். சுத்தமா இருந்துச்சு."

"சுத்தமா இருக்கணும்னு தாங்க அங்க மாட்டிகிறது" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மேசையில் இருந்த பெண்கள் மூவரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். சத்தம் கேட்டு வந்த லோகநாதன் என் காலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு சாக்குமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

அவர்தான் எனக்கு விளக்கினார். கடைசி இரண்டு தொட்டிகளும் சாமி பூவுக்கு மட்டும். கோயிலில் கழித்த மாலைகள், காவடிப் பூக்கள். நான்கு நாளைக்கு ஒரு முறை உள்ளே இறங்கி, சாணிக் கரைசல் தெளித்து, முள்கரண்டியால் கிளறிவிட வேண்டும். ஆரம்பத்தில் பச்சையம்மா வெறுங்காலோடுதான் இறங்குவார். சாமி பூவை எதைப் போட்டு மிதிப்பது என்பது அவர் கேள்வி. ஒரு நாள், முடியிறக்கும் இடத்துப் பிளேடு ஒன்று பூவோடு கலந்து வந்து அவர் காலைப் பிளந்துவிட்டது. பச்சையம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். உள்ளங்காலிலிருந்து பக்கவாட்டில் ஏறும் தழும்பு, ஆறு தையல். தையல்களுக்கு இடைவெளி சீராக இல்லை என்று என் புத்தி அந்த நேரத்திலும் கவனித்தது.

"அப்புறமா பூட்ஸ் போட்டே ஆகணும்னு சொன்னேன் மேடம். திட்டத்துல அது விதி. ஒரு மாசம் சண்ட" என்றார் லோகநாதன்.

"கால்வாய்க்குப் போற பூட்ஸ, கக்கூஸ் கழுவற எடத்துல நடக்கற பூட்ஸ, அத்தப் போட்டுகினு சாமி பூ மேல ஏறச் சொல்றாரு" என்றார் பச்சையம்மா. "நேத்து வரைக்கும் முருகன் கழுத்துல இருந்த பூவுங்க அது. அப்புறந்தான் நானே ஒண்ணு சொன்னேன். எனக்குன்னு புது ஜோடி குடுங்க, அது தரையிலயே படாதுன்னு."

அது எப்படி என்று செய்தும் காட்டினார். தொட்டியின் சுவர் மேல் ஏறி உட்காருவார். கம்பத்திலிருந்து பூட்ஸை எடுத்து அங்கேயே மாட்டிக்கொள்வார். காலை உள்பக்கம் போட்டு இறங்குவார். வேலை முடிந்ததும் சுவரில் உட்கார்ந்து கழற்றி, மஞ்சள் தண்ணீரில் அலசித் திரும்பக் கம்பத்தில் தொங்கவிட்டுவிட்டுத்தான் தரையில் கால் வைப்பார். ஒன்றரை வருடமாக அந்த பூட்ஸ் பூவைத் தவிர வேறு எதையும் மிதித்ததில்லை. அதைத்தான் நான் ஓட்டல் கழிவில் ஊர்வலம் விட்டிருந்தேன்.

"கழுவிட்டா சரியாப் போகாதா?" என்று கேட்டேன். கேட்டபோதே அசட்டுத்தனம் என்று தெரிந்தது.

"கக்கூஸ்ல பொழங்கின சொம்பக் கழுவிட்டு, சாமிக்குத் தண்ணி மொள்ளுவீங்களா அக்கா?"

நான் பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் வைத்தேன். லோகநாதன் என்னைத் தனியாக அழைத்து மீதியையும் சொன்னார். அதிகாரி வந்தால் தொட்டியைக் கிளறுவதைப் படமெடுப்பார். பச்சையம்மா மற்ற பூட்ஸைப் போடமாட்டார். மற்றவர்களையும் உள்ளே இறங்க விடமாட்டார். அவர்களும் இறங்கமாட்டார்கள். வெறுங்காலோடு இறங்குவார், படத்தில் வெறுங்கால் விழும். "போன தபா வேற ஒரு சென்டர்ல ஒரு அம்மா அப்படி மாட்டினாங்க. ஒப்பந்தக்காரரு மறுநாளே கால்வாய் வேலைக்கு மாத்திட்டாரு. நாள் பூரா இடுப்பளவு தண்ணிலங்க. இவங்க காலுக்கு அது தாங்காது. வேலைய விட்டுட வேண்டியது தான்."

 இத்தனை தூரம் ரயிலில் வந்து, பாராட்டி எழுதிக்கொண்டு வரலாம் என்று கிளம்பியவள், ஒருத்தியின் வேலைக்கு வேட்டு வைத்துவிட்டேன். இதில் யாரையும் குற்றம் சொல்லவும் முடியவில்லை. பூட்ஸ் போடச் சொல்லும் விதி நியாயமான விதி. அந்த ஆறு தையலைப் பார்த்தபிறகு வெறுங்கால்தான் பக்தி என்று சொல்ல எனக்கு வாய் வராது. பச்சையம்மாவும் விதியை மீறவில்லை. மீறாமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழியை என் சுத்தப் பைத்தியம் கெடுத்துவிட்டது.

பத்தே முக்காலுக்கு லோகநாதனின் கைப்பேசி அடித்தது. அதிகாரி வேறொரு ஊரை முடித்துவிட்டு இரண்டு மணிக்குமேல் வருகிறாராம். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் பையிலிருந்து நாடாவை எடுத்திருந்தேன். பச்சையம்மாவைச் சுவர் மேல் உட்காரச் சொல்லிப் பாதத்தை அளந்தேன். நீளம் ஒன்பதே கால் அங்குலம், கெண்டைக்கால் சுற்றளவு பன்னிரண்டு. "எனக்கு ஜாக்கெட் தச்சப்பக்கூட இப்பிடி யாரும் அளக்கல" என்றார். அப்போதுதான் அந்தப் பெண்களில் ஒருத்தி சிரித்தாள்.

பாபு இன்னும் போகவில்லை, வேப்ப மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி ஏறினேன். பேருந்து நிலையம் எதிரே முதல் கடையில் பத்தாம் நம்பர் மட்டும்தான் இருந்தது. அதில் பச்சையம்மா இரண்டு பேர் நிற்கலாம். இரண்டாவது கடையில் பூட்ஸே இல்லை. இங்கே இல்லையென்றால் பதின்மூன்று கிலோமீட்டர் அரக்கோணம்தான் என்றார் பாபு. மூன்றாவது, சித்தூர் சாலையில் பூச்சிமருந்து, மண்வெட்டி, தார்ப்பாய் எல்லாம் விற்கும் கடை. கல்லாவில் இருந்த பெரியவர் ஒரு ஜோடியை எடுத்து, போட்டுப் பார்க்கச் சொல்லித் தரையில் வைத்தார்.

"கீழே வைக்காதீங்க" என்றேன் பதறி.

"ஏம்மா, யாருக்கு இது?"

சாமி பூத் தொட்டியில் இறங்குகிறவருக்கு என்றேன். எங்கள் ஊரில் இதைச் சொல்லியிருந்தால் விளக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தரையில் வைத்த ஜோடியை ஓரமாகத் தள்ளினார். உள்ளே பார்த்து, "நைனா, மேல் அலமாரில பிரிக்காத ஏழு நம்பர் கீது பாரு, கைல குடு" என்று தெலுங்கு வாடையோடு குரல் கொடுத்தார். கடைப்பையனைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். இல்லை, அவருடைய வயதான அப்பாவே ஏணியில் ஏறி எடுத்துக் கொடுத்தார். நாடாவை உள்ளே விட்டு அளந்தேன். அரை அங்குலம் கூடுதல், பரவாயில்லை. முந்நூற்றெண்பது ரூபாய். பிளாஸ்டிக் உறையை அவரிடமே கொடுத்துவிட்டு, என் கடைத் துண்டுத்துணியில் நானே தைத்த மஞ்சப்பையில் வாங்கிக்கொண்டேன்.

நேர்த்திக்கடன் எதுவும் நேர்ந்துகொள்ளாதவள் நான். காவடி, பால்குடம் எதையும் தூக்கியதில்லை. அன்றைக்குத் திருத்தணி கடைத்தெருவில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். எதிரே மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குடும்பம் ஒன்று வந்தது. அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கும்போதுகூடப் பை எங்கும் உரசக்கூடாது என்று பார்த்தேன்.

திரும்பும் வழியில் ஒரு வேகத்தடை. பாபு பேருந்துக்கு வழிவிட ஒடித்ததில் ஆட்டோ துள்ளியது. பையின் வாயிலிருந்து ஒரு பூட்ஸ் நழுவி ஆட்டோவின் தரையில் விழுந்தது. பதறி எடுத்துப் பைக்குள் போட்டேன். பாபு பார்க்கவில்லை. பார்த்தவள் நான் மட்டும்தான். சொல்லாமல் விட்டுவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று உள்ளே ஒரு குரல் நல்ல புத்திசாலியைப் போலப் பேசியது. இப்போது மணி பன்னிரண்டரை. அரக்கோணம் போய் வேறு வாங்கிவர நேரம் இருக்குமா என்றும் கணக்குப் போட்டேன். உரக்கூடம் வரும்வரை எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

பச்சையம்மா பையை வாங்கவில்லை. முதலில், "எங்கியும் கீழ வெக்கலியே?" என்று கேட்டார்.

சொல்லிவிட்டேன். "ஒண்ணு மட்டும் ஆட்டோவுல கீழே விழுந்துடுச்சு. உடனே எடுத்துட்டேன்."

லோகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். பச்சையம்மா யோசித்தார்.

"ஆட்டோ ஓடிகினு இருந்துச்சா, நின்னுகினு இருந்துச்சா?"

"ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"ஆங். அப்ப தரையில படலீங்க" என்று பையை வாங்கிக்கொண்டார். நான் விழிப்பதைப் பார்த்து, "காவடிய எங்கெங்கேர்ந்தோ வேன்ல, ரயில்ல தான கொண்டாறாங்க? வண்டி ஓடற வரைக்கும் கீழ வெக்கலாம். நின்னுச்சுன்னா கைல தூக்கிக்கணும். நின்னா தான் அது பூமி" என்றார். மற்ற பெண்களும், ஆமாம், அப்படித்தான் என்று தலையாட்டினார்கள்.

காலையில் மணவூர்க்காரருக்கு நான் கொடுத்த பட்டம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

அதிகாரி இரண்டே முக்காலுக்கு வந்தார். கண்ணாடி போட்ட இளம்பெண், வெயிலில் அலைந்து களைத்த முகம், கையில் கைப்பேசியும் அதற்கு மின்னேற்றும் பவர் பேங்கும். பதிவேடு பார்த்தார், எடை மேடை பார்த்தார், காய்கறித் தொட்டிகளைப் படமெடுத்தார். பூத்தொட்டிக்கு வந்தபோது பச்சையம்மா உள்ளே நின்று கிளறிக்கொண்டிருந்தார். ஆவி பறந்தது. சாமந்தியும் துளசியும் சாணியும் சேர்ந்த வாசனை, கெட்ட வாசனை என்று சொல்ல முடியாது. அதிகாரி படமெடுக்கக் கைப்பேசியை உயர்த்தியவர் இறக்கிவிட்டார்.

"பூட்ஸ் ரொம்பப் புதுசா இருக்கே. இன்னைக்குப் போட்டோவுக்காக வாங்கினதா?"

லோகநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பச்சையம்மா முந்திக்கொண்டார். "ஆமாங்க. இன்னைக்குத் தான் வாங்குனது."

"அப்ப தினமும் என்ன போட்டுக்குவீங்க?"

பழைய ஜோடி சுவரோரம் கிடந்தது. நான் எடுத்துக்கொண்டுபோய் அதிகாரியிடம் நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்துணி விரல்களின் அச்சு விழுந்து நைந்திருந்தது. கணுக்கால் வரை சாமந்தி மஞ்சள் ஏறிப் போயிருந்தது. அடிப்பாகத்தை ஒரு குச்சியால் சுரண்டினார். மேலே அன்றைய சேறு, அதன் கீழே கோடுகளுக்குள் ஒட்டிக் காய்ந்த பூவிதழ்கள். ரப்பர் வெட்டுகள் கொஞ்சம்கூடத் தேயவில்லை.

"உள்ளே இவ்வளவு தேஞ்சிருக்கு. அடியில தேயவே இல்லையே. இது நடந்த பூட்ஸ் மாதிரி இல்லையே."

"இது தரையில நடக்காதுங்க. பூவுல மட்டும் தான்" என்றார் பச்சையம்மா. "இன்னைக்கு இந்த அக்கா தெரியாம போட்டுகினு நடந்துட்டாங்க. அதான் புதுசு."

அந்த இளம்பெண் என்னைப் பார்த்தார். ஆமாம், நான்தான் என்றேன். தையற்காரி, சுத்தம் பார்த்து எடுத்தேன் என்றும் உளறினேன். அவர் பழைய பூட்ஸைக் கீழே வைக்கப் போனார், பிறகு கையை நிறுத்தி, சுவர் மேல் வைத்தார். கைப்பேசியை உயர்த்திப் படமெடுத்தார். பாதுகாப்புக் காலணி என்ற வரியில் 'உண்டு' என்று தொட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வேறு எதையோ எழுத இடம் தேடுவதுபோலத் திரையை மேலும் கீழும் தள்ளினார். இடம் இல்லை போலிருக்கிறது. "நல்லா பண்றீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார்.

வண்டி திரும்பியதும் லோகநாதன் எல்லோருக்கும் தேநீர் சொன்னார். பச்சையம்மா சுவரில் உட்கார்ந்து புது பூட்ஸைக் கழற்றி, அலசி, கம்பத்தில் தொங்கவிட்டார். பழைய ஜோடியை எடுத்து, ஓட்டை பூட்ஸ் போட்டிருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தார். "இனிமே இது கீழ நடக்கட்டும்" என்றார். எனக்கு உயிர் திரும்பியது போல இருந்தது. அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "நீங்க உள்ளத சொன்னீங்க இல்ல, அது போதுங்க" என்றார். விழுந்த பூட்ஸைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது.

கிளம்பும்போது பூத்தொட்டி உரம் இரண்டு கிலோ என் மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தார். கறுத்து, பொலபொலவென்று, மழை பெய்த மண்ணின் வாசனையோடு இருந்தது. "இதையும் கீழே வைக்கக்கூடாதா?" என்று கேட்டேன். "உரமாயிடுச்சுன்னா மண்ணு தாங்க. எங்க வேணா வைங்க" என்று சிரித்தார்.

நாலே முக்கால் ரயில். மலைக்குப் போகவில்லை. திருத்தணி வரைக்கும் போய்ச் சாமி பார்க்காமல் வந்தாயா என்று நாத்தனார் இரண்டு நாளைக்குத் திட்டுவாள். நடைமேடையில் உட்கார்ந்து எங்கள் ஊர்ப் படித்துறையை நினைத்துக்கொண்டேன். மாவு மில்காரர் கேட்டதை, வேலைக்குத் தடை சொல்ல ஒரு சாக்கு என்றுதான் நான் இத்தனை நாளும் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. தொட்டி கட்டப் பணம் வரும், வண்டி வரும், பயிற்சியும் கொடுப்பார்கள். அந்தக் கேள்விக்கான பதிலை எந்தத் திட்டமும் அனுப்பிவைக்காது. எங்கள் ஊரில் தொட்டிக்குள் இறங்கப் போகிற பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். அவள் என்ன சொல்வாளோ, அவளுக்கு என்ன வழி தோன்றுமோ தெரியாது. நாங்கள் இதுவரை யாரும் கேட்டதில்லை.

ரயில் வந்தது. உட்கார இடம் கிடைத்தது. எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று பச்சையம்மா சொல்லியிருந்தும் பையை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் காய்கறிக் கூடையோடு இருந்த அம்மா, "பாரமா கீதே, கீழ வைங்களேன், எடம் கீது" என்றார்.

"வண்டி நிக்குதுங்க" என்றேன்.

அந்த அம்மா தலையாட்டினார். கொஞ்சம் நகர்ந்து என் காலடியில் இடம்விட்டார். ரயில் நகர்ந்ததும் பையைக் கீழே வைத்தேன். இச்சிபுத்தூரில் நின்றபோது எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன்.